இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரன் பயிற்சி கொடுத்தால் இன்னொரு முரளி வருவாரா?

பந்துவீச்சுப் பயிற்சியாளர் என்பவர், யாருக்கு, எப்போது, எங்கே பந்தைப் போடுவது என்று யோசிக்கக் கற்றுக்கொடுப்பவர். தன் வீச்சையே கொடுப்பது அவர் வேலை அல்ல. முரளியால் அது முடியவும் முடியாது. பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கையும் அபாரமாகச் சுழலும் மணிக்கட்டும் அவர் உடம்போடு வந்தவை. 1992இல் கொழும்பு கெத்தாராமையில் அறிமுகமான அந்தக் கை, 2010இல் காலியில், தன் கடைசி டெஸ்ட் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தது. இன்றும் நினைத்தால் சிலிர்க்கிறது!

ஆனால் 18 வருடமாகத் துடுப்பாட்டக்காரரின் கால் அசைவைப் பார்த்துச் சேர்த்த அறிவைக் கொடுக்கலாம். 2015இல் ஐபிஎல் அணியான சன்ரைசர்ஸ் ஹைதராபாத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்த பிறகு அதுதான் அவர் வேலை.

வெள்ளவத்தையில் கொத்து ரொட்டி போடுபவரைப் பாருங்கள். இரும்புத் தகட்டில் அவர் கை தட்டும் தாளம் அவருடையது, புதுப் பையனுக்கு வராது. முட்டையை எப்போது உடைப்பது, சூட்டை எப்போது குறைப்பது என்பதைச் சொல்லித் தரலாம்.

சுழற்பந்துக்காரரால் வேகப்பந்துக்காரருக்குப் பயனில்லை என்று பலர் நினைப்பது சரியல்ல: 2016இல் ஐபிஎல் கிண்ணம் வென்ற சன்ரைசர்ஸ் அணியில் அதிக விக்கெட் எடுத்தவர் வேகப்பந்து வீச்சாளர் புவனேஷ்வர் குமார், எங்கே போடுவது என்ற கணக்கு இருவருக்கும் பொது.