கம்பனிக்குள் ஐ.ரி. வேலை: மகனை எண்ணிக் கவலைப்படும் பெற்றோருக்கு

"கல்முனையில ஒரு கம்பனிக்குள்ள கொம்பியூட்டர் திருத்துற வேலை, இதில என்ன முன்னேற்றம்?" என்று கேட்கிறீர்கள். திருத்துவதோடு நின்றுவிட்டால் உங்கள் பயம் நியாயமானதே. ஆனால் நிரந்தர ஐ.ரி. ஊழியருக்கு மதிப்பு வருவது வேறோர் இடத்தில்.

ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலையே எடுங்கள். அலுவலகத்துக்கும் களஞ்சியத்துக்கும் இடையே கொம்பியூட்டர்களை இணைக்கச் செப்புக் கேபிள் இழுத்திருந்தால், பக்கத்தில் மின்னல் விழும்போது எழும் மிகை மின்னழுத்தம் அதன் வழியே ஓடி இரு முனைகளிலும் உள்ள சுவிட்சுகளை, அதாவது கொம்பியூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகளை, எரித்துவிடலாம். வெளியாள் வந்து புதுச் சுவிட்ச் பூட்டிவிட்டுப் போவார். அடுத்த மாரியிலும் அதுவே நடக்கும். உள்ளே இருப்பவர் பழுதான திகதியையும் செலவையும் குறித்து வைத்திருந்தால், உலோகக் கவசம் இல்லாத ஃபைபர் (ஒளியால் தரவைக் கடத்தும் இழைக் கேபிள்) போடும்படி முகாமையாளரிடம் கணக்கோடு கேட்கலாம். ஃபைபரில் மின்சாரம் பாயாது. செப்புக் கேபிளுக்கு உள்ள 100 மீற்றர் எல்லையும் அதற்கில்லை. சம்பள உயர்வு கேட்கும் நாளில் இந்தக் குறிப்பேடு சான்றிதழைவிடப் பலமாகப் பேசும்.

காப்புப்பிரதியும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கை எந்நேரமும் சேர்வரில் (கம்பனியின் தரவு இருக்கும் பொதுக் கொம்பியூட்டரில்) குத்தியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகும்போது அதையும் சேர்த்தே பூட்டிவிடும். மூன்று பிரதிகள் இருக்க வேண்டும்; அவை இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். மாதம் ஒருமுறை அதிலிருந்து தரவை மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பவே கூடாது.

கடவுச்சொற்களைத் தன் தலைக்குள் வைத்துக்கொண்டால் வேலை நிலைக்கும் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர் இல்லாமல் ஒருநாளும் ஓடாத இடத்தில் அவருக்கு லீவும் கிடைக்காது, பதவி உயர்வும் கிடைக்காது. எல்லாவற்றையும் எழுதி, இன்னொருவருக்குப் பழக்குபவரைத்தான் மேலே தூக்க முடியும்.

படிப்பை வேலையோடு கொண்டுபோகலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டத்தில் முதலாண்டோடு டிப்ளோமா, இரண்டாமாண்டோடு உயர் டிப்ளோமா, மூன்றாமாண்டில் பட்டம். இடையில் நிறுத்தினாலும் கையில் ஒன்று இருக்கும். நெட்வேர்க்கில் விருப்பமென்றால் நெட்வேர்க் கருவிக் கம்பனியான சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. பரீட்சையை எழுதட்டும். அதற்கு முன்தகைமை தேவையில்லை. அந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

இரண்டு வருடமாகியும் பிரிண்டருக்கு ரோனர் மாற்றுவதே வேலையாக இருந்து, சேர்வரையோ, நெட்வேர்க்கைக் காக்கும் ஃபயர்வோலையோ தொட விடவில்லையென்றால், தயங்காமல் வேறிடம் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை, சம்பளத்தைக் கேட்பதற்கு முன் "இந்த மாதம் புதிதாக எதைப் பொறுப்பெடுத்தாய்?" என்று கேளுங்கள்.