கல்விக் கடன் பாக்கி, அரசு வேலைக்குத் தடையா?

கேள்வி: பொறியியல் படிக்க வாங்கிய கல்விக் கடனில் பல தவணைகள் கட்டவில்லை. கிரெடிட் கார்டு பாக்கி ஒன்றை வங்கியிடம் பேசி, குறைத்துக் கட்டி ‘செட்டில்மென்ட்’ செய்தேன். இப்போது குரூப் 2, வங்கித் தேர்வு இரண்டுக்கும் படிக்கிறேன். கடன் குறுக்கே நிற்குமா?

பதில்: குரூப் 2-க்கு நிற்காது. வங்கி வேலைக்கு நிற்கக்கூடும்.

வங்கியில் மற்றவர் பணம் உங்கள் கையில் புழங்கும். அதனால் உங்கள் சொந்தக் கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். ஸ்டேட் வங்கி 2020-இல் அதிகாரி பதவிக்கு வெளியிட்ட அறிவிப்பில், கடனோ கார்டு பாக்கியோ கட்டத் தவறிய பதிவு உள்ளவர்களுக்குத் தகுதி இல்லை என்று ஒரு விதி இருந்தது. தேர்வில் வென்ற ஒருவரின் நியமனம் அந்த விதிப்படி ரத்தானது. கடன்களை எல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடியும், 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவு சரி என்றது. அதாவது, இன்றைக்குப் பாக்கி இருக்கிறதா என்பதோடு விஷயம் முடிவதில்லை, நேற்று தவறியதும் கணக்கில் வரும்.

மற்ற பொதுத்துறை வங்கிகளுக்கு ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வில் கொஞ்சம் வழி இருக்கிறது. பணியில் சேரும்போது கடன் வரலாறு நன்றாக இருக்க வேண்டும். கோளாறு இருந்தால், கடன் கொடுத்தவரிடம் பாக்கியில்லைச் சான்று வாங்கித் தர வேண்டும். வேலையே இல்லாத பிள்ளையிடம் கல்விக் கடனை ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் விதி அப்படி இருக்கும்வரை அதற்குத் தயாராகத்தான் வேண்டும்.

குரூப் 2 தேர்வை நடத்தும் டிஎன்பிஎஸ்சி, சிபில் மதிப்பெண் (கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினீர்கள் என்பதற்கான மதிப்பெண்) கேட்பதில்லை. அங்கே கவனிக்க வேண்டியது செக் பவுன்ஸ் வழக்கு. அது கடன் தகராறு போலத் தெரிந்தாலும் சட்டப்படி குற்ற வழக்கு, இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அப்படி ஒன்று நிலுவையில் இருந்து, விண்ணப்பத்திலோ போலீஸ் சரிபார்ப்புப் படிவத்திலோ குற்ற வழக்கு பற்றிக் கேட்டால், மறைக்காமல் எழுதிவிடுங்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால் அதுவே நியமனத்தை ரத்து செய்யத் தனிக் காரணமாகிவிடும்.

வேலையில் சேர்ந்த பிறகும் கடன் உங்கள் சொந்த விஷயம் மட்டுமல்ல. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1964), 17-ஆம் விதி, தீராக் கடனாளியாக இருப்பதையும் திவாலாவதையும் தவிர்க்கச் சொல்கிறது. கடன் வசூலுக்கு உங்கள் மேல் வழக்கு வந்தால் நீங்களே மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஊதாரித்தனத்தால் அல்ல, கைமீறிய சூழ்நிலையால் வந்த கடன் என்று நிரூபிப்பதும் உங்கள் பொறுப்பு. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கும் இதுபோன்ற கட்டுப்பாடு உண்டு. எம்எல்ஏ, எம்பி பதவிக்கோ கடன் தடையில்லை, நீதிமன்றம் திவாலானவர் என்று அறிவித்து அது நீங்காமல் இருந்தால்தான் தடை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். கார்டு கணக்கு ‘செட்டில்டு’ என்று இருந்தால், முழுதாகக் கட்டவில்லை என்றுதான் அதைப் படிப்பார்கள். தள்ளுபடியான மீதியைக் கட்டிவிட்டு ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தருவீர்களா என வங்கியிடம் கேளுங்கள், சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். தவறான பதிவு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

கல்விக் கடனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாதித் தொகையில் முடித்துவிடலாம் என்று வசூல் முகவர் போனில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கிளைக்கு நேரில் போய், மீதியைத் தவணையாகக் கட்டி முழுதாக அடைக்கக் கேளுங்கள். அப்பா கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பாக்கி அவர் அறிக்கையிலும் இருக்கும், அதையும் எடுத்துப் பாருங்கள்.