போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். 900 இருந்தால் குடிக்கலாமா?

கேள்வி: பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் 700 அடி போர்வெல் இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் 900 காட்டுகிறது. அப்படியே குடிக்கலாமா, ஆர்.ஓ. போட வேண்டுமா?

அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு குடிக்கலாம் என்றோ கூடாது என்றோ யாராலும் சொல்ல முடியாது. மீட்டர் தண்ணீரின் மின்கடத்து திறனை அளந்து, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தை (அதுதான் டி.டி.எஸ்.) லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தோராயமாகக் காட்டுகிறது. அது எந்த உப்பு என்பதும், தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்பதும் அதற்குத் தெரியாது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் வகுத்திருக்கிறது. ஆகவே 900 என்பது பயப்பட வேண்டிய எண் அல்ல. நம் பக்கத்துப் பாறை நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி என்பதால் குண்டாவில் வெள்ளை படியும், பருப்பு வேக நேரமாகும். சப்பைத் தண்ணீர் என்று நாம் முகம் சுளிப்பது பெரும்பாலும் இதைத்தான். நொய்யல் கரை ஊர்களில் மட்டும் கதை வேறு: சாயக்கழிவு கலந்த ஒரத்துப்பாளையம் அணைப் பகுதிக் கிணறுகளில் உயர்ந்த டி.டி.எஸ். என்பதே மாசுக்கான தடயமாக இருந்தது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் பார்ப்பது நைட்ரேட். அது சுவையிலும் நிறத்திலும் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. நீர் வற்றுவதால் செறிவு சற்றே கூடும். கட்டுத்தரை, கோழிப்பண்ணை எரு, யூரியா, செப்டிக் டேங்க் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் அது மண்ணில் இறங்குகிறது. போர் 700 அடி ஆழம் என்றாலும் மண் சரியாமல் தடுக்கும் கேசிங் பைப்பைப் பாறை தட்டும் வரைதான் இறக்கியிருப்பார்கள் என்பதால், மேல்மட்டத்து நீர் பாறை வெடிப்புகள் வழியாக உள்ளே வர இடம் உண்டு. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இதற்கான உச்ச வரம்பு. இதில் தளர்வு கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும், ஏனெனில் மிகுதியான நைட்ரேட் அந்தக் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். சில ஆய்வகங்கள் நைட்ரேட்டை நைட்ரஜனாகக் கணக்கிட்டு எழுதும். அங்கே 10 என்று இருந்தால் அது ஏறக்குறைய 45க்குச் சமம், குறைவாக இருக்கிறதே என்று நினைத்துவிட வேண்டாம்.

புளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5க்கு மேல் ஆகாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லில் காவி ஏறுவதற்குக் காரணம் அதுதான். மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். மேல்தொட்டியில் பிடிக்காமல், மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, போரிலிருந்து வரும் குழாயிலேயே பிடியுங்கள். உப்புகளுக்கான கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலை மட்டும் அலசாமல், மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே சேர்ப்பித்துவிட வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் ஒரு முறை பார்ப்பது நல்லது.

நைட்ரேட்டோ புளோரைடோ வரம்பு மீறினால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தேவை. கால்சியம், மக்னீசியத்தால் வரும் வெறும் கடினத்தன்மைக்காக மட்டும் அதைப் போடுவது, உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக விடும் கருவிக்கு வீண் செலவு என்பது என் கருத்து. கிருமி மட்டும் இருந்தால் கேசிங் தலைப்பைப் போய்ப் பாருங்கள்: சாக்கைச் சுற்றிக் கட்டி, தரைமட்டத்தில் விட்டிருந்தால், அதைச் சுற்றித் தேங்கும் நீர் நேராக உள்ளே இறங்கும். பைப்பை ஓரடியாவது உயர்த்தி மூடி போட்டு, சுற்றிலும் சரிவாகக் கான்கிரீட் போட்டு, பிளீச்சிங் பவுடர் கொண்டு போரைச் சுத்தம் செய்து, குளோரின் வாடை போனபின் மறுபடி சோதிக்கக் கொடுங்கள். அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதும்.