அம்மா சாப்பிடமாட்டேங்குறாங்க, டியூப் போடலாமா?

கேள்வி: எங்கம்மாவுக்கு 84 வயசு, மறதி நோய் முத்திப்போய் முதியோர் இல்லத்துல படுக்கையா இருக்காங்க. ஒரு வாரமா ரெண்டு ஸ்பூனுக்கு மேல எதுவும் இறங்கல. மூக்கு வழியா டியூப் போடுங்கன்னா டாக்டர் வேண்டாம்ங்கறார், மார்ஃபின்னு வலி மருந்து மட்டும் எழுதியிருக்கார். பட்டினி போட்டு அனுப்பறோமோன்னு ராத்திரி தூக்கமே வரல.
- ஒரு வாசகி

பதில்: நீங்க பட்டினி போடலம்மா, அதை மொதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. உடம்பு ஓயும்போது பசியும் கூடவே அடங்கிடும், அதுக்கு மேல ஊத்தினா செரிக்காது. இந்த நிலைமையில டியூப் போட்டா ஆயுசு கூடறதும் இல்ல, உணவு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வர்றது குறையறதும் இல்ல, பிடுங்கிடுவாங்கன்னு கையைக் கட்டிடுவாங்க வேற, ஒரு பாட்டி மணிக்கட்டுல பதிஞ்சிருந்த அந்தத் துணித்தடம் இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது.

வாய் காய்ஞ்சு போறதுதான் அவங்களுக்கு வேதனை. பஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு உதடு, நாக்கு, ஈறெல்லாம் ஒத்தி எடுங்க. நல்லா முழிச்சிருந்து அவங்களா வாய் திறந்தா தலையைத் தூக்கி வச்சு அரை ஸ்பூன் குடுக்கலாம், திணிக்காதீங்க.

மார்ஃபின் சாவை இழுத்துட்டு வரும்னு பயப்படாதீங்க, கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஏத்த மாதிரி குடுத்தா அப்படி ஆகாது. 1967ல லண்டன்ல செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ்னு, கடைசிக் காலத்துல இருக்கறவங்களைப் பார்த்துக்கற இடத்தை ஆரம்பிச்ச டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் திரும்பத் திரும்ப சொன்னதே, வலி வரட்டும்னு காத்திருக்காம நேரம் தவறாம குடுங்கன்னுதான். மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து எழுதச் சொல்லுங்க.

அம்மாவால வலிக்குதுன்னு சொல்ல முடியாதே, அதனால திருப்பிப் படுக்க வைக்கும்போது நெத்தி சுருங்குதா, முனகறாங்களா, போர்வையை இறுக்கிப் பிடிக்கறாங்களான்னு பாருங்க, பார்த்ததை நர்ஸ்கிட்ட சொல்லுங்க. முக்கியமா, ராத்திரி வலி வந்தா மருந்து யார் குடுப்பாங்கன்னு இன்னைக்கே கேட்டு வச்சுக்கோங்க. நான் பார்த்த வரைக்கும் கோட்டை விடறது அங்கதான், நடுராத்திரி மூச்சு மாறினதும் டியூட்டில இருக்கற பொண்ணு பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடும், பழகின கட்டிலை விட்டு எங்கயோ ஒரு வார்டுல கடைசி மூச்சு போகும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வேண்டாம்னா டாக்டர்கிட்ட பேசி அதை ஃபைல்ல எழுதி வைக்கச் சொல்லுங்க.

கடைசி நாள்கள்ல மூச்சு நின்னு நின்னு வரும், தொண்டையில கொரகொரன்னு சத்தம் வரும். கேக்கறவங்களுக்குத்தான் அது பயங்கரமா இருக்கும், மயக்கத்துல இருக்கற அவங்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, சத்தம் கொஞ்சம் குறையும். அப்புறம் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்கம்மா, காது கேக்குதுன்னு நினைச்சே பேசுங்க.