பதில்: பிரிட்டன் சரிந்தது 1947-லா?

இந்தியா கைவிட்டுப் போனதால்தான் பிரிட்டன் வல்லரசு நிலையை இழந்தது என்று எழுதியதற்கு ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார் என்கிறீர்கள். நியாயம் அவர் பக்கம்தான். விடுதலைப் போராட்டத்தின் பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிரிட்டனின் கஜானா அதற்கு முன்பே காலி. 1945 டிசம்பரில் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கடைசித் தவணை கட்டியது 2006-இல்!

கட்டுரையில் எகிப்தின் சூயஸ் கால்வாய் நெருக்கடியை விரிவாக எழுதுங்கள். 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் சேர்ந்து தாக்கின. களத்தில் பிரிட்டன் தோற்கவே இல்லை. ஆனால் பவுண்டு ஆட்டம் கண்டது; போரை நிறுத்தாமல் பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) பணம் கிடைக்காது என்று அமெரிக்கா கறாராகச் சொல்லிவிட்டது. நவம்பர் 6-ஆம் தேதி போர் நிறுத்தம். 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் ராஜினாமா. (உடல்நிலை காரணமாம்!)

ஒப்பிட இன்னொரு நாடு வேண்டுமானால் ஸ்பெயின். அமெரிக்கக் கண்டத்து வெள்ளி கப்பல் கப்பலாக வந்தும், மன்னர் இரண்டாம் பிலிப் 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடன்காரர்களிடம் கைவிரித்தார். போர்ச் செலவு அப்படி.