பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு: பாஸேஜுக்கும் பத்தி எழுதுவதற்கும் எப்படிப் பயிற்சி கொடுப்பது?

"மகள் பத்தாம் வகுப்பு, அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். கிராமர் சமாளித்துவிடுவாள். பாஸேஜ் படித்துப் பதில் எழுதுவதும் சொந்தமாகப் பத்தி எழுதுவதும்தான் வரவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. எனக்கும் ஆங்கிலம் தெரியாது. என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐயா, விருதுநகர் பக்கம் பதினான்கு வருடமாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். மூன்று வாரம் தாராளமாகப் போதும். ஆனால் புதிதாகக் கைடு எதுவும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் பழைய வினாத்தாள் ஒன்றைப் பாருங்கள். 2019-20 கல்வியாண்டிலிருந்து ஆங்கிலம் ஒரே தாள், 100 மதிப்பெண். கடைசியில் வரும் 46ஆம் கேள்வி குறிப்புகளை வைத்துத் துணைப்பாடக் கதையை எழுதுவது. 47ஆம் கேள்வி பாஸேஜ். இரண்டுக்கும் எட்டெட்டு மதிப்பெண். கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுவது, சுருக்கம், பிழை திருத்தம் என்று ஆறு கேள்வி வரும். நான்கு எழுதினால் 20. கூட்டிப் பாருங்கள், 36 ஆகிறது. தேர்ச்சிக்கு வேண்டியது 35. உங்கள் மகள் பயப்படும் பகுதியிலேயே அவ்வளவு இருக்கிறது.

பாஸேஜில் பிள்ளைகள் மார்க்கை விடுவது ஆங்கிலம் தெரியாததால் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். விடைத்தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கேள்வியில் இருக்கும் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாஸேஜில் அதே வார்த்தை எங்கே வருகிறதோ அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். பிச்சாவரம் பற்றி நானே ஒரு பாஸேஜ் எழுதிக் கொடுத்தேன். கடும் மழை நாட்கள் தவிர தினமும் படகு போகும் என்று ஒரு வரி. "எப்போது படகு போகாது?" என்பது கேள்வி. பதினோரு பேரில் எட்டுப் பேர் "தினமும்" என்று எழுதினார்கள். "எக்ஸெப்ட்" (தவிர) என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேள்வியை முதலில் படி. பிறகு பாஸேஜைப் படி. பதில் இருக்கும் வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போடு. 'நாட்' (இல்லை), 'பட்' (ஆனால்), 'எக்ஸெப்ட்', 'அன்டில்' (வரை) மாதிரி சொல் வந்தால் வட்டம் போடு. கோடு போடாமல் பதில் எழுதக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாஸேஜ், அதுவும் பாடப்புத்தகத்தில் இல்லாதது.

இன்னொன்று. 47 கடைசியில் வருவதால் பிள்ளைகளும் கடைசியில்தான் எழுதுகிறார்கள். கை வலிக்கும், மணி அடிக்கப் போகும் நேரம், எட்டு மார்க் போய்விடும். எழுதத் தொடங்கும் முன் வினாத்தாள் வாசிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள் அல்லவா? அதில் முதல் வேலையாக 47ஐப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகளை முடித்த கையோடு அதை எழுதிவிடட்டும். கேள்வி எண் சரியாக இருந்தால் வரிசை மாறினாலும் பரவாயில்லை.

பத்தி எழுதுவதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். போன வருடம் ஒரு பெண், கைடில் இருந்த கதைச் சுருக்கத்தை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்து வந்தாள். நான்காவது வரியில் ஒரு சொல் மறந்தது. அதோடு பேனாவை வைத்துவிட்டாள், பக்கம் காலி. அது ஹாலந்துச் சிறுவன் பீட்டர் கதை. "நோட்டை மூடு, எனக்குத் தமிழில் சொல்லு" என்றேன். கண் தெரியாதவருக்குக் கேக் கொடுக்கப் போனது, அணையில் ஓட்டை, விரலை வைத்து அடைத்தது, குளிர், யாரும் வராத இரவு, எல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். கதை அவளிடம் முழுசாக இருந்தது! அதையே ஒரு செய்திக்கு ஒரு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். எட்டு வாக்கியம் வந்தது, எல்லாம் இறந்தகாலத்தில். 'வென்ட்' (போனான்), 'சா' (பார்த்தான்), 'புட்' (வைத்தான்), 'வெயிட்டட்' (காத்திருந்தான்) மாதிரி எளிய சொற்கள் போதும். ஒரு வாக்கியத்தில் எட்டு, பத்துச் சொல்லுக்கு மேல் போக வேண்டாம். நீளமாக எழுதினால்தான் பிழை நுழைகிறது.

கடிதத்துக்கு மட்டும் அமைப்பை மனப்பாடம் செய்யலாம். முகவரி, தேதி, விளிப்பு, முடிப்பு இவை மாறாது. உள்ளே இருக்கும் விஷயம் அவளுடையதாக இருக்கட்டும்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது ஒரு தடையே இல்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு, துணைப்பாடக் கதை ஒன்றை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் "அப்புறம்?", "ஏன்?" என்று கேளுங்கள். சொல்லி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து எட்டு வாக்கியம் எழுதட்டும். பிழைகளைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியரிடம் மறுநாள் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.