வயித்துல கிருமி, வாயில நாத்தம்: பல் டாக்டர்கிட்ட கேட்டது

போன வாரம் ஹெச் பைலோரி, அதான் வயித்துல அல்சர் வர வைக்கிற கிருமி, அத பத்தி பேச்சோட பேச்சா ரெண்டு வரி சொன்னேன், கேள்வியா குவிஞ்சிருச்சு. நான் பல்லு பாக்குறவ, வயிறு என் டிபார்ட்மெண்ட் இல்ல, ஆனா இந்த கிருமி ரெண்டு பக்கமும் வந்து போற ஆளுங்கறதால தெரிஞ்சத சொல்றேன்.

ஈரோட்டுலேந்து: அக்கா, வாய் வழியா குழாய் விட்டு பாக்குற எண்டோஸ்கோபில ஹெச் பைலோரி இருக்குனு சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷமா வாய் நாத்தம் வேற. இதனாலதானா?

இருக்கலாம்பா, ஆனா எடுத்த எடுப்புல வயித்து மேல பழி போடாதீங்க. வாய் நாத்தம்னு வர்றவங்கள்ல முக்காவாசி பேருக்கு மேல காரணம் வாயிலயேதான் இருக்கும். ஒரு ஸ்பூன கவுத்து நாக்கோட பின்பக்கத்த லேசா வழிங்க, ஒரு நிமிஷம் காயவிட்டு மோந்து பாருங்க. மூஞ்சி சுளிக்கிற மாதிரி இருந்தா நாக்கு, ஈறு, சொத்தை இதையெல்லாம் மொதல்ல பாக்கணும். வயித்து மருந்து முடிஞ்சதும் நாத்தம் கொறஞ்சதுனு சொல்றவங்களும் இருக்காங்க, ஆனா ஈறுல சீழ் இருக்குறவங்களுக்கு எத்தன கேஸ் மாத்திரை போட்டாலும் அது போகாது.

வயித்துலதான் ஆசிட் இருக்கே, கிருமி எப்படி டாக்டர் பொழைக்கும்?

எல்லா டாக்டருங்களும் ரொம்ப நாளா இதத்தான் கேட்டுட்டு இருந்தாங்க. இந்த கிருமிகிட்ட யூரியேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது யூரியாவ உடைச்சு அமோனியா ஆக்கும், அமோனியா சுத்தி இருக்குற ஆசிட்ட அடக்கிடும், அந்த கேப்புல இது வயித்து சளிப்படலத்துக்குள்ள நுழைஞ்சு செட்டில் ஆயிடும். எண்டோஸ்கோபில கிள்ளி எடுத்த துளி சதைய மஞ்ச ஜெல்லுல போடுறதும் இந்த அமோனியா வருதானு பாக்கத்தான், கிருமி இருந்தா ஜெல் ரோஸ் கலராயிடும்.

ஆஸ்திரேலியாவுல பெர்த்ல பேரி மார்ஷல், ராபின் வாரன்னு ரெண்டு டாக்டருங்க 1982ல இத வளத்து காட்டினாங்க, அல்சருக்கு இதுதான் காரணம்னு சொன்னத யாரும் பெருசா நம்பல. 1984ல மார்ஷல் கிருமி கலந்த கரைசல தானே குடிச்சிட்டாரு! கொஞ்ச நாள்ல குமட்டல், வாந்தி, எண்டோஸ்கோபி பண்ணா வயிறு வீங்கிக் கெடக்கு. அதுல எனக்கு புடிச்ச விஷயம், அவரு வாய் நாத்தம் அடிக்குதுனு சொன்னது அவங்க அம்மா. எந்த ஊரா இருந்தா என்ன, அம்மா மூக்குக்கு தப்ப முடியுமா. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் குடுத்தாங்க.

மருந்து முடிச்சும் திரும்ப வந்துருச்சு. பல்லு காறையில ஒளிஞ்சிருக்கும்னு சொல்றாங்களே?

காறையில இந்த கிருமியோட டிஎன்ஏ கிடைச்சிருக்கு, அது உண்மை. ஆனா உயிரோட எடுத்து வளக்குறது ரொம்ப அபூர்வமாத்தான் முடிஞ்சிருக்கு, அதனால அங்க குடித்தனமே நடத்துதா, இல்ல எதுக்களிச்சு மேல வந்தப்ப ஒட்டிக்கிட்டதானு இன்னும் அடிச்சிக்கிறாங்க. வயித்து மருந்தோட பல் க்ளீனிங்கும் சேத்து பண்ணா கிருமி ஒழியறது கூடுதுனு சில ஆய்வுல வந்திருக்கு, அதனால பண்ணிக்கோங்க, எப்படியும் ஈறுக்கு நல்லதுதான். ஆனா மவுத்வாஷ் கொப்பளிச்சு வயித்துக் கிருமிய சாகடிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நீங்க 14 நாள் ஆன்டிபயாடிக் கோர்ஸ முழுசா முடிச்சீங்களா? நிஜமா சொல்லுங்க.

எங்க முடிச்சேன், வாயெல்லாம் ஒரே கசப்பு, நாக்கு வேற கருத்துப்போச்சு, பயந்து ஆறாவது நாளே நிறுத்திட்டேன்.

அதான பாத்தேன்! கிளாரித்ரோமைசின் கசக்கும், மெட்ரோனிடசோல் இரும்ப நக்குன மாதிரி இருக்கும், பிஸ்மத் நாக்கையும் மலத்தையும் கருப்பாக்கும். மருந்து முடிஞ்சா எல்லாம் சரியாயிடும். பாதியில விட்டா தப்பிச்ச கிருமி அந்த ஆன்டிபயாடிக்குக்கு பழகிடும், அடுத்த தடவ அதே மருந்து கேக்காது. எழுதிக்குடுத்த டாக்டர்கிட்டயே போய் நிறுத்துனத மறைக்காம சொல்லுங்க, திட்டுனா திட்டட்டும்.

மாமியார் சாதத்த மென்னு குழந்தைக்கு ஊட்டுறாங்க. அவங்களுக்கு அல்சர் இருக்கு. வேண்டாம்னா கோவிச்சுக்குறாங்க.

இந்த கிருமி பெரும்பாலும் சின்ன வயசுல வீட்டு ஆளுங்ககிட்டேந்துதான் ஒட்டுது, அதனால மென்னு ஊட்டுறது வேண்டாம்மா. சொத்தைப் பல்லு கிருமியும் எச்சில் வழியாத்தான் போகும். "பல் டாக்டர் திட்டுனாங்க"னு என் மேல போட்டுருங்க, சாதம் மசிக்கிற மத்து ஒண்ணு வாங்கி அவங்க கையிலயே குடுங்க.

ட்ரீட்மெண்ட் முடிஞ்சு ரத்த டெஸ்ட் எடுத்தா இன்னும் பாசிட்டிவ்னு வருதே?

ரத்தத்துல பாக்குறது ஆன்டிபாடி, அதாவது கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்குனது, அது கிருமி செத்தும் மாசக்கணக்கா இருக்கும். மூச்சு டெஸ்ட், இல்ல மல டெஸ்ட் எடுங்க. ஆன்டிபயாடிக் முடிஞ்சு குறைஞ்சது நாலு வாரம் கழிச்சு, ஓமெப்ரசோல் மாதிரி ஆசிட்ட குறைக்கிற மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டு வாரம் நிறுத்திட்டு.

கடைசியா ஒண்ணு அக்கா. நெஞ்செரிச்சல் இருக்கு, மேல் பல்லு உள்பக்கமெல்லாம் தேஞ்சு கூசுது.

அது கிருமி இல்ல, ஆசிட் மேல ஏறி பல்ல அரிக்குது. நெறய பேரு எதுக்களிச்ச உடனே போய் பிரஷ் பண்றாங்க, ஊறிப்போன எனாமல தேய்ச்சே எடுத்துடுறாங்க. தண்ணில கொப்பளிச்சிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு பிரஷ் பண்ணுங்க.